பல்லைச் சுற்றிய எலும்புக் குழிக்கு பிரிண்ட் செய்த ஸ்காஃபோல்ட்: பிசிஎல்லா, டிசிபியா?

நூல்முனை:

வணக்கம். கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்லின் வேரை ஒட்டிய எலும்புக் குழிக்கு ஒரு ஸ்காஃபோல்ட் (புது எலும்பு ஊடே வளர வழிவிடும் துளைச் சட்டகம்) டிசைன் செய்துகொண்டிருக்கிறோம். முதலில் லேப் சோதனை, தேறினால் முயலில் வைத்துப் பார்ப்போம். குழி சுமார் 8 × 6 மி.மீ, ஆழம் 6 மி.மீ.

இப்போதைய திட்டம்: பாலிகாப்ரோலாக்டோன் (பிசிஎல், மெல்லக் கரையும் பிளாஸ்டிக்) 80, பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் (டிசிபி, செராமிக் பொடி) 20, எடைக் கணக்கில். 22ஜி நாசில் (உள்விட்டம் 0.41 மி.மீ), இழை 0.4 மி.மீ, இழைகளின் மையத்துக்கு மையம் 0.8 மி.மீ, லேயர் உயரம் 0.32 மி.மீ, 0/90 அடுக்கு (லேயருக்கு லேயர் இழை குறுக்காகத் திரும்பும்). காற்றழுத்த பிரிண்டர் 6 பார் வரை போகும். 1600 டிகிரி ஃபர்னஸும் இருக்கிறது. அதனால் பிசிஎல்லை விட்டு முழு செராமிக்காகப் போகலாமா என்றும் ஒரு யோசனை. துளைத்தன்மை 60 சதவீதத்துக்கு மேல், துளை 300 மைக்ரானுக்கு மேல் வேண்டும். எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்.

பீங்கான்சூளை:

கணக்கிலேயே இடிக்கிறது. இழையின் குறுக்குவெட்டு 0.126 சதுர மி.மீ. அதற்கான கட்டம் 0.8 × 0.32, அதாவது 0.256. பாதி போயிற்று, துளைத்தன்மை 51 சதவீதம்தான். அடுத்தடுத்த லேயர்கள் 0.08 மி.மீ ஒன்றில் ஒன்று புதைவதைக் கணக்கில் எடுத்தாலும் 60 வராது. இடைவெளியை 1.0 ஆக்கினால் 61 வரும்.

அதைவிடப் பெரிய சங்கதி பக்கவாட்டு ஜன்னல். மேலிருந்து பார்த்தால் துளை 0.4 மி.மீ என்று அழகாகத் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஜன்னலின் உயரம் இரண்டு லேயர் உயரத்தில் ஒரு இழைத் தடிமனைக் கழித்தது: 0.64 − 0.4 = 0.24. நீங்கள் கேட்ட 300 மைக்ரான் அங்கே இல்லை. எலும்புக் குழியில் ரத்தக் குழாய்கள் சுவரிலிருந்து, அதாவது பக்கவாட்டில்தான் நுழையும். 0/0/90/90 என்று ஒரே திசையில் இரண்டு லேயர் அடுக்கினால் ஜன்னல் 0.56 ஆகிவிடும். சதவீதம் மாறாது, வழி திறக்கும்.

இன்னொன்று. எடையில் 20 சதவீதம் டிசிபி என்பது கொள்ளளவில் வெறும் 8.5 சதவீதம் (டிசிபியின் அடர்த்தி 3.07, பிசிஎல்லுடையது 1.145). அதிலும் பெரும்பகுதி பிசிஎல் தோலுக்கு அடியில் மூடிக்கிடக்கும். செல்லின் கண்ணுக்கு அது பிளாஸ்டிக்தான்.

உருகுகம்பி:

சூளைக்காரர் பிளாஸ்டிக்கைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார் :) ஆனால் ஜன்னல் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. ஸ்லைசர் காட்டும் துளைத்தன்மையை மட்டும் நம்பி எழுதப்பட்ட பேப்பர்கள் ஏராளம்.

பிசிஎல் பக்கம் நடைமுறை விஷயங்கள்:

மூலக்கூறு எடை (எண் சராசரி) 45,000–50,000 கிரேடு வாங்குங்கள். 80,000 கிரேடை 6 பார் காற்றில் 0.41 மி.மீ நாசில் வழியாகத் தள்ளுவது நடக்காத காரியம். அதற்கு ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர் வேண்டும். பொடி சேர்க்கச் சேர்க்க இன்னும் இறுகும்.

கலவை: டைகுளோரோமீத்தேனில் கரைத்து டிசிபியைக் கலந்து, தட்டில் ஊற்றி உலர்த்துவது வழக்கம். வாசனை போய்விட்டால் கரைப்பானும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மருந்துத் துறையில் அனுமதி 600 பிபிஎம். குளோரோஃபார்ம் என்றால் 60 பிபிஎம்தான். மெல்லிய ஷீட்டாக ஊற்றி வேக்குவத்தில் வைத்து, கேஸ் குரோமட்டோகிராஃபியில் பார்த்துவிடுங்கள். ஃப்யூம்ஹூட் வசதி சரியில்லை என்றால் உருக்கிக் கலப்பதே மேல். பொடியை முதலில் சலித்துவிடுங்கள். கட்டி தட்டிய டிசிபிதான் நாசில் அடைப்பில் முக்கால்வாசிக்குக் காரணம்.

பிரிண்ட்: சிரிஞ்சில் போடும் முன் வேக்குவம் அவனில் உருக்கிக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். 100 டிகிரியில் தொடங்கலாம், தேவைப்பட்டால் 120. சூடு ஏறியபின் குறைந்தது 30 நிமிடம் பொறுங்கள். காட்டும் எண் சிலிண்டர் சுவருடையது, நடுவில் இருக்கும் பாலிமருடையது அல்ல. நாள் முழுக்கச் சூட்டிலேயே வைத்திருந்தால் சங்கிலி அறுந்து இளகும், மாலையில் இழை தடிக்கும். காலையில் போட்ட அமைப்பு மாலைக்குப் பொருந்தாது.

அடுத்தது குளிர்ச்சி. 8 × 6 துண்டில் ஒரு லேயருக்கு ஏறத்தாழ 60 மி.மீ பாதை. 3 மி.மீ/விநாடி வேகத்தில் 20 விநாடியில் அடுத்த லேயர் மேலே ஏறிவிடும். பிசிஎல் 60 டிகிரியில் உருகினாலும், திரும்ப உறைவது அறைவெப்பத்தை ஒட்டித்தான். ஏசி இல்லாத லேபில் 35 டிகிரி இருந்தால் கீழே உள்ள இழை இன்னும் குழைவாகவே இருக்கும், மேலே வருவது தொய்ந்து ஜன்னலை அடைக்கும். ஒரே நேரத்தில் நான்கு துண்டு பிரிண்ட் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆற நேரம் கிடைக்கும். 0/0/90/90 போட்டால் இது இரட்டிப்பாகத் தேவை, இரண்டாவது இழை முதல் இழையின் முதுகிலேயே உட்கார வேண்டும் என்பதால்.

கடைசியாக மேற்பரப்பு. பிசிஎல் தண்ணீரை ஒட்டவிடாது. 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 37 டிகிரி, 30 நிமிடம் என்று தொடங்குங்கள். அதற்கு முன் 70 சதவீத எத்தனாலில் மூழ்கவைத்து வேக்குவம் இழுத்து உள்ளே இருக்கும் காற்றை எடுக்காவிட்டால், வெளித்தோல் மட்டும் அரிக்கப்பட்டு உள்பக்கம் அப்படியே இருக்கும். கழுவும் நீரின் பிஎச் 7க்கு வரும்வரை கழுவுங்கள். இந்த அரிப்பு டிசிபியையும் வெளியே தலைகாட்ட வைக்கும் என்பதைச் சூளைக்காரர் கவனிக்கவும்.

பீங்கான்சூளை:

கவனித்தேன். தலைகாட்டும், எட்டரை சதவீதத் தலை.

முழு டிசிபிக்கு எழுதுகிறேன். ப்ளூரானிக் எஃப்127 (பொடியைத் தாங்கிப் பிடிக்கும் பாலிமர்), எடையில் 25 சதவீதக் கரைசல். 4 டிகிரியில் தண்ணீர் போல, அறைவெப்பத்தில் ஜெல். குளிரில் பொடி கலந்து, குளிரிலேயே சிரிஞ்சில் ஏற்றி, சென்ட்ரிஃப்யூஜில் குமிழ் நீக்கி, பிறகு அறைவெப்பத்துக்கு வரவிட வேண்டும். 1–2 மைக்ரான் பொடி எடையில் 65 சதவீதம் வரை ஏற்றலாம், கொள்ளளவில் 39. குறைத்தால் இழை தொங்கும். கூட்டினால் திரவம் மட்டும் முன்னால் வடிந்து பொடி நாசிலில் இறுகி நிற்கும்.

உலர்த்துவதில் அவசரம் கூடாது. மூடிவைத்து 24 மணி நேரமாவது. மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கினால் கீழ் லேயரில் விரிசல் விழும். விரிசல் சுடாத பச்சை நிலையில் கண்ணுக்குத் தெரியாது, ஃபர்னஸிலிருந்து வந்தபின் தெரியும்.

ஃபர்னஸ்: நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 600 வரை, அங்கே 2 மணி நேரம். ப்ளூரானிக் எரிந்து போகும் கட்டம் இது; வேகமாக ஏற்றினால் வாயு இழையைப் பிளக்கும். பிறகு நிமிடத்துக்கு 3 டிகிரியில் 1100, அங்கே 3 மணி நேரம். 1125க்கு மேல் பீட்டா வடிவ டிசிபி ஆல்ஃபா வடிவமாக மாறத் தொடங்கும். கொள்ளளவு மாறும், கரையும் வேகமும் மாறும். உங்கள் ஃபர்னஸ் 1600 போகும் என்பதால் ஆசைப்பட வேண்டாம். தெர்மோகப்புள் 30 டிகிரி தவறாகக் காட்டினாலே கதை மாறிவிடும், ஆகவே ஒவ்வொரு பேட்ச்சுக்கும் எக்ஸ்ஆர்டி (படிக வடிவத்தைக் காட்டும் எக்ஸ்ரே சோதனை).

எல்லோரும் சறுக்கும் இடம்: நீளத்தில் 20 சதவீதம் சுருங்கினால் கணினியில் வரைந்த (கேட்) மாடலை 1.20ஆல் பெருக்கக் கூடாது, 1.25ஆல் பெருக்க வேண்டும் (1 ÷ 0.8). 8 மி.மீ துண்டில் அந்த வித்தியாசம் 0.3 மி.மீ. குழியில் உட்காருமா உட்காராதா என்பதை அதுவே தீர்மானிக்கும். உயரத்தில் சுருக்கம் வேறாக இருக்கும், தனியாக அளக்க வேண்டும். 0.41 நாசிலில் வந்த இழை 0.33 ஆகும், 0.4 துளை 0.32 ஆகும்.

ஃபர்னஸே வேண்டாம் என்றால் எண்ணெயில் கலந்த ஆல்ஃபா டிசிபி சிமெண்ட் பேஸ்ட் இருக்கிறது. பிரிண்ட் செய்தபின் 37 டிகிரி ஈரப்பதத்தில் தானே இறுகும். சுருக்கம் இல்லை.

நூல்முனை:

இருவருக்கும் நன்றி. செராமிக்கின் நொறுங்கும் தன்மை வாய்க்குள் எவ்வளவு தொல்லை தரும்? மருத்துவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஈறுபக்கம்:

நொறுங்குவது தொல்லைதான். கத்தரியால் நறுக்க முடியாது, பர் (சுழலும் பல் கருவி) வைத்துத் தேய்த்தால் துகள் சிதறும், ஸ்க்ரூ போட்டால் பிளக்கும். பிசிஎல்லை 60–65 டிகிரி ஸ்டெரைல் சலைனில் காட்டி விரலால் வளைத்துவிடலாம். ஆனால் தம்பி, அதற்கு முந்தைய கேள்வியை யாரும் கேட்கவில்லை: இந்தக் குழிக்கு எத்தனை சுவர் மிச்சம்?

மூன்று பக்கமும் எலும்புச் சுவர் நின்றால் பிரிண்ட் எதற்கு? 0.25–1 மி.மீ டிசிபி துகளும் பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதக் கரைசலும் (மில்லிக்கு 0.3 மி.கி) சேர்ந்த தயாரிப்புக்கு அமெரிக்க எஃப்டிஏ 2005லேயே அனுமதி கொடுத்துவிட்டது. குப்பியிலிருந்து எடுத்து நிரப்பி மூட வேண்டியதுதான். துகள் நிற்காமல் சரிந்துபோகும் இடத்தில்தான் பிரிண்டுக்கு வேலை: ஒரே சுவர் மிஞ்சிய குழி, வெளிப்பக்க எலும்பு முழுக்கப் போன வேர், தாடையின் உயரத்தைக் கூட்ட வேண்டிய இடம்.

அடுத்து, முயல். முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. வேரையும் தாடையையும் கட்டும் தசைநார் (பிடிஎல்) அங்கே மனிதனைப் போல நிலையானதல்ல. முயலின் மண்டையோட்டில் எலும்பு வளர்வதைப் பார்க்கலாம்; ஆனால் அந்த எலும்பு ஓரிரு மில்லிமீட்டர் தடிமன்தான், உங்கள் 6 மி.மீ கட்டி அதில் இறங்காது. பிடிஎல் பார்க்க வேண்டுமென்றால் எலியின் கடைவாய்ப்பல் (அதன் வெட்டுப்பல் அல்ல, அதுவும் வளரும்), அல்லது பெரிய விலங்கு.

கடைசியாகத்தான் மெட்டீரியல். 2015ல் வெளியான மிச்சிகன்–மிலான் குழுவின் நோயாளியை இந்த இழையில் யாரும் சொல்லாதது ஆச்சரியம். பல்லைச் சுற்றிய திசுவுக்காக மனிதரில் வைத்த முதல் பிரிண்ட் ஸ்காஃபோல்ட் அது. லேசர் சின்டரிங்கில் (பொடியை லேசரால் இளக்கி ஒட்டும் முறை) செய்த பிசிஎல், 4 சதவீதம் ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்புக் கனிமம்), நோயாளியின் சிடி ஸ்கேனிலிருந்து எடுத்த வடிவம். பிடிஜிஎஃப் செலுத்த உள்ளே ஒரு வழி, வேருக்குச் செங்குத்தாக நார்கள் வளரச் சிறு முளைகள். 12 மாதம் வரை எல்லாம் சரி: பிடிப்பு 3 மி.மீ கூடியது, வேர் ஓரளவு மூடியது. 13வது மாதம் ஈறு திறந்து ஸ்காஃபோல்ட் வெளியே தெரிந்தது. எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்ததைச் சோதித்தால் பிசிஎல்லின் மூலக்கூறு எடையில் முக்கால் பங்கு அப்படியே இருக்கிறது.

உள்ளே போனது துல்லியமாகத்தான் போனது. பிரிண்டில் குறையில்லை. ஓராண்டு கழித்தும் கரையாத கட்டி மெல்லிய ஈறுக்கு அடியில் உட்கார்ந்திருந்ததுதான் வினை. சிங்கப்பூரில் 2000களின் நடுவிலிருந்தே மண்டையோட்டுத் துளைகளை மூட பிசிஎல் தட்டுகள் பயன்படுகின்றன. அங்கே மேலே தடித்த உச்சந்தலைத் தோல் இருக்கிறது, கிருமி இல்லை. வாயில் ஈறு ஒரு மில்லிமீட்டர், கிருமிக்குப் பஞ்சமில்லை. ஒரே மெட்டீரியல், இடம் வேறு.

நூல்முனை:

அப்படியானால் சீக்கிரம் கரையும் பிஎல்ஜிஏவுக்கு (லாக்டிக்–கிளைகாலிக் அமிலப் பாலிமர்) மாறிவிடலாமா டாக்டர்? 50:50 ஒன்றிரண்டு மாதத்தில் கரையும் என்கிறார்கள்.

உருகுகம்பி:

அவசரப்படாதீங்க. பிஎல்ஜிஏ கரைவது அமிலமாக. 0.4 மி.மீ தடித்த இழையில் உள்ளே உண்டாகும் அமிலம் வெளியேற முடியாமல் தேங்கி உட்பக்கத்தை இன்னும் வேகமாக அரிக்கும். ஓடு மட்டும் நின்று திடீரென்று உடையும். எலும்பு வருவதற்குள் தாங்குவதற்கு ஆளிருக்காது. டிசிபி கலந்தால் அமிலத்தைக் கொஞ்சம் சமன்செய்யும். பிரிண்டிலும் பிடிவாதக்காரன்: ஈரம் பட்ட பெல்லட்டைச் சூடாக்கினால் சிரிஞ்சிலேயே சிதையத் தொடங்கும்.

மெட்டீரியலை மாற்றுவதைவிட அளவைக் குறையுங்கள். பிசிஎல் என்றாலே தடித்த கம்பி என்று யார் சொன்னது? மெல்ட் எலக்ட்ரோரைட்டிங்கில் (உருகிய பாலிமரை மின்னழுத்தத்தால் மெல்லிழையாக இழுத்து எழுதும் முறை) 10–20 மைக்ரான் இழை வரும். உருகிய பிசிஎல் 75–90 டிகிரி, சில கிலோவோல்ட், தட்டுக்கும் ஊசிக்கும் 3–5 மி.மீ. பிரவுன், டால்டன், ஹுட்மாக்கர் 2011ல் வெளியிட்ட வழி. 90 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம், ஆகவே ஈறுக்கு அடியில் கிடக்கும் பிளாஸ்டிக்கே கொஞ்சம்தான்.

அதில் சிக்கல்கள் வேறு ரகம். தட்டு நகரும் வேகம், இழை விழும் வேகத்தைவிடக் குறைந்தால் நேர்கோடு வராது, சுருள் சுருளாக விழும். காற்றழுத்தமும் வோல்ட்டேஜும் ஒத்துப்போகாவிட்டால் இழை தடித்தும் மெலிந்தும் துடிக்கும். துடித்தால் வோல்ட்டேஜில் கைவைக்கும் முன் அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். உயரம் கூடக்கூட இழைகளில் தங்கிய மின்னூட்டம் புது இழையைத் தள்ளிவிடும், அதனால் சில மில்லிமீட்டருக்கு மேல் அடுக்குவது பெரும்பாடு. சோடியம் ஹைட்ராக்சைடு நேரத்தையும் வெகுவாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இழையே போய்விடும்.

பீங்கான்சூளை:

6 மி.மீ உயரக் கட்டியை 15 மைக்ரான் இழையில் அடுக்கி, அது ஈறின் அழுத்தத்தைத் தாங்குமா? வலை நசுங்கும். இடத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் பிரிண்டுக்கு இருக்கும் ஒரே நியாயம் என்று டாக்டர் இப்போதுதான் சொன்னார்.

ஈறுபக்கம்:

இரண்டு பேரும் சொல்வது பாதி சரி, ஏனென்றால் இது ஒரே திசு அல்ல. எலும்பு, 0.2 மி.மீ பிடிஎல், வேரின் மேல் சிமெண்டம் என்ற மெல்லிய கடின உறை. வேரின் மேற்பரப்பை முதலில் எந்த செல் பிடிக்கிறதோ அதன்படியே ஆறும் என்று மெல்ச்சர் 1976ல் சொன்னது இன்றும் நிற்கிறது. ஈறின் மேல்தோல் முந்தினால் ஈறுக்கும் வேருக்கும் நடுவே பை மறுபடி உருவாகும். எலும்பு செல் நேராக வேரைத் தொட்டால் பல் தாடையோடு ஒட்டிக்கொள்ளும், வேர் கரையத் தொடங்கும். எலும்பை வளர்க்கும் கட்டியை வேரின்மேல் நேராகச் சாத்துவது நல்லதல்ல.

எனவே எலும்புப் பக்கம் டிசிபியோ டிசிபி கூடுதலான பிசிஎல்லோ. வேர்ப் பக்கம் மெல்லிய எலக்ட்ரோரைட்டிங் படலம். இரண்டையும் எப்படி ஒட்டுவது என்பதை உருகுகம்பி சொல்லட்டும்.

உருகுகம்பி:

எலும்புப் பகுதி பிசிஎல் கலவையாக இருந்தால் சுலபம். அதன் கடைசி லேயரை மட்டும் தட்டில் சூடாக்கி, மேற்பரப்பு பளபளக்கும் கணத்தில் படலத்தை மேலே வைத்து எடுத்துவிட வேண்டும். இரண்டு விநாடி கூடினால் படலம் உருகித் துளியாகிவிடும். முழு செராமிக் என்றால் ஒட்டாது. கட்டியின் ஓரத்தில் பள்ளம் விட்டு, படலத்தை அதில் மடக்கிச் செருகுவதுதான் வழி.

புதுஉறுப்பினர்88:

இடையில் ஒரு சந்தேகம். இப்படியே முழுப் பல்லையும் வளர்க்க முடியாதா? பால்பல் ஸ்டெம்செல்லைச் சேமித்து வைக்கச் சொல்லி விளம்பரம் வருகிறதே?

ஈறுபக்கம்:

முழுப் பல் வடிவ ஸ்காஃபோல்டை 2010ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலியில் வைத்தார்கள். பிசிஎல்லும் ஹைட்ராக்ஸிஅபடைட்டும், எஸ்டிஎஃப்1, பிஎம்பி7 புரதங்கள். வெளியிலிருந்து செல் எதுவும் வைக்கவில்லை. சுற்றிலும் பிடிஎல் போன்ற திசுவும் புது எலும்பும் வந்தன. எனாமல் வரவில்லை, எனாமலைச் செய்யும் செல்கள் பல் முளைத்ததும் அழிந்துவிடுபவை. சேமிப்பு விளம்பரத்தைப் பொறுத்தவரை, இந்தியாவின் 2017 தேசிய வழிகாட்டுதல் தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிர வேறெதையும் வணிகமாகச் சேமிக்க அனுமதிக்கவில்லை. பணத்தைக் கட்டும் முன் அதைப் படியுங்கள்.

நூல்முனை:

ஸ்டெரிலைசேஷன் பற்றி ஒரு வார்த்தை. எங்களிடம் ஆட்டோகிளேவ் மட்டும் இருக்கிறது. பக்கத்து மருத்துவமனையில் எத்திலீன் ஆக்சைடு.

உருகுகம்பி:

ஆட்டோகிளேவில் வைத்தால் 121 டிகிரியில் பிசிஎல் குளம் கட்டி நிற்கும். எத்திலீன் ஆக்சைடு சரி, ஆனால் எந்த சைக்கிள் என்று கேளுங்கள். பல இடங்களில் வழக்கமானது 55 டிகிரி. உருகுநிலைக்கு 5 டிகிரி கீழே ஈரத்தோடு மணிக்கணக்கில் இருந்தால் இழை மழுங்கும். 37 டிகிரி சைக்கிள் கேளுங்கள். பிஎல்ஜிஏ என்றால் 55ல் வடிவமே போய்விடும், அதன் கண்ணாடி நிலைமாற்றம் (இளகத் தொடங்கும் வெப்பம்) 45–50தான். துளைகளில் வாயு தங்கும். காற்றோட்டம் கொடுத்தபின் எச்சத்தை அளக்க வேண்டும், ஐஎஸ்ஓ 10993-7 பாருங்கள். காமா 25 கிலோகிரே என்றால் சூடில்லை, ஆனால் சங்கிலி நீளம் மாறும்.

70 சதவீத எத்தனாலில் முக்குவது செல் கல்ச்சருக்குப் போதும். விலங்குக்குள் வைப்பதற்கு அது ஸ்டெரிலைசேஷன் ஆகாது, ஸ்போர் சாகாது.

பீங்கான்சூளை:

டிசிபி என்றால் இந்தப் பாட்டே இல்லை. ஆட்டோகிளேவில் வைத்து எடுக்கலாம்.

ஈறுபக்கம்:

வடிவம் பற்றி மூன்று விஷயம், அவற்றை விட்டால் மற்றதெல்லாம் வீண். ஒன்று, சிபிசிடியில் (பல் மருத்துவ சிடி ஸ்கேன்) ஒரு மில்லிமீட்டருக்குக் கீழான எலும்புச் சுவர் படத்தில் மறைந்துவிடலாம். பக்கத்துப் பல்லில் மெட்டல் கிரவுன் இருந்தால் கோடுகள் வேறு. தவிர, உள்ளே இருக்கும் நோயுற்ற திசுவைச் சுரண்டியபின் நிஜக் குழி ஸ்கேனில் இருந்ததைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். இரண்டு அளவில் செய்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, ஈறைத் தொடும் பக்கத்தில் கூர் விளிம்பு கூடாது. 0/90 அடுக்கின் ஓரத்தில் இழை திரும்பும் முனைகள் மொட்டுமொட்டாக நிற்கும், ஈறைக் கிழிப்பவை அவைதான். மேற்பக்கத்தை மூடிய கோட்டில் சுற்றி, ஓரத்தை ஒரு மில்லிமீட்டராவது வளைவாக்குங்கள். மூன்று, அசையக் கூடாது. அசைந்தால் எலும்பு வராது, நார்த்திசுதான் வரும். ஃபிளாப் (அறுவையில் விலக்கிய ஈறு) இழுபடாமல் மூட வேண்டும். அதற்கு இடம் விட்டுக் கட்டியின் உயரத்தைக் குறைப்பது தப்பில்லை.

மனிதருக்கு என்று யோசித்தால், உடலில் கரையும் இம்ப்ளான்ட் இந்திய மருத்துவச் சாதன விதிகள் 2017ன்படி டி வகுப்பு. இப்போதே பேட்ச் பதிவேடு எழுதும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நூல்முனை:

திருத்திய திட்டம்: குழி ஒரு சுவர் வகை. எலும்புப் பகுதி பிசிஎல்–டிசிபி 50:50 எடையில், 1.0 மி.மீ இடைவெளி, 0/0/90/90. வேர்ப் பக்கம் 15 மைக்ரான் எலக்ட்ரோரைட்டிங் படலம் (வெளியே செய்து வாங்குவோம்). முதலில் எலி, பிடிஎல்லுக்காக. 37 டிகிரி எத்திலீன் ஆக்சைடு. 22ஜி நாசிலையே வைத்துக்கொள்ளலாமா?

பீங்கான்சூளை:

50:50 என்றால் கொள்ளளவில் 27 சதவீதம். இப்போது பேசலாம்.

உருகுகம்பி:

27 சதவீதம் பொடியோடு 6 பாரில் 22ஜி திணறும். 20ஜி (உள்விட்டம் 0.6) போட்டால் ஓடும், ஆனால் இழை தடித்தால் டாக்டர் சொன்ன பழைய வினை திரும்பி வரும். எடையில் 35–40இல் தொடங்கிப் பாருங்கள். எலிக்குழி 2–3 மி.மீதான், அதில் 1.0 மி.மீ இடைவெளி போட்டால் குறுக்கே இரண்டு மூன்று இழைதான் தேறும். 25ஜி நாசிலில் வேறு டிசைனாகத்தான் போட வேண்டும், அழுத்தம் இன்னும் கேட்கும். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு துண்டைத் தனியே எடுத்து, ஸ்டெரிலைஸ் செய்த பிறகு குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் பக்க ஜன்னலை அளந்துவிடுங்கள். வெட்டும் முன் திரவ நைட்ரஜனில் முக்குங்கள். அறைவெப்பத்தில் பிளேடு பட்டால் பிசிஎல் இழுபட்டு, ஜன்னல் அடைந்திருப்பதாகத் தவறாகக் காட்டும்.